ஆயிரம் கண் என்னும் மூடநம்பிக்கை

பல பேர் கூடி, கூலியில்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் அறியாமல், இணையத்தின் வழியாகவே எழுதி உலகத்துக்குப் பொதுவாக விட்டிருக்கும் கணினி மென்பொருள்களைப் பற்றி இன்று இரண்டு விதமான பேச்சு பலமாக நடந்து வருகிறது. ஒரு கூட்டத்தார், "இது பொதுச் சொத்து, இதில் ஒளிவு மறைவு இல்லை, ஆயிரம் கண் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஆகையால் இதில் எந்தத் தவறும் தங்காது" என்கிறார்கள். மற்றொரு கூட்டத்தாரோ, "யார் எவர் என்று தெரியாதவர்கள் சமைத்த சோற்றை நம்பி உண்ணலாமா? பேர் பெற்ற கம்பெனியிடம் பணம் கொடுத்து வாங்குவதே யோக்கியமானது" என்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒரே தப்பைத்தான் இரண்டு விதமாகச் செய்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். முன்னவர் கூட்டத்தை நம்புகிறார்கள். பின்னவர் பேரை நம்புகிறார்கள். செய்த வேலையைத் திறந்து பார்ப்போம் என்கிற எண்ணம் இருவருக்கும் வருவதில்லை.

விஷயத்தை அறியாத தோழர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. கணினியோ கைபேசியோ தானாக ஒன்றும் செய்யாது. இன்னது வந்தால் இன்னது செய் என்று மனிதன் எழுதி வைத்த கட்டளைகளின்படிதான் அது நடக்கும். அந்தக் கட்டளைகளின் தொகுப்புக்குத்தான் மென்பொருள் என்று பெயர். பல கம்பெனிகள் எழுதிய மூலத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு அதன் பயனை மாத்திரம் விலைக்கு விற்கின்றன. அதற்கு மாறாக, மூலத்தையே திறந்து வைத்து, எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாம், எவரும் பிறருக்குக் கொடுக்கலாம் என்று விட்டுவிடுகிற வழக்கமும் இருக்கிறது. 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் இதையே ஒரு கொள்கையாக வைத்து ஒரு முயற்சியைத் தொடங்கினார். 1991-ல் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிய லினக்ஸ் என்பதை வெளியிட்டு மற்றவர்களும் கை போடலாம் என்றார். இன்று ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருக்கிற ஒவ்வொரு குடியானவன் சட்டைப் பையிலும் அந்த லினக்ஸ் இருக்கிறது. உலகத்தின் அதிவேகக் கணினிகள் 500-ன் பட்டியலில் 2017-ன் கடைசி முதல் இடம் பெற்று வருபவை எல்லாம் லினக்ஸில் ஓடுகிறவைகளே. ஆகவே, "ஊரான் கூடிச் செய்த வேலை உருப்படுமா" என்று கேட்கிறவர்கள் தங்கள் பையைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இத்தனை பேர் சேர்ந்து செய்கிற வேலை குழம்பிப் போகாமல் நடப்பதற்குக் காரணம் அவர்களுடைய ஒற்றுமையோ நற்குணமோ அல்ல. (அவர்கள் போட்டுக்கொள்ளும் சண்டையைப் பார்த்தால் நம் ஊர்ப் பஞ்சாயத்தே மேல் என்று தோன்றும்.) அவர்கள் வைத்திருக்கும் கணக்குப் புத்தகந்தான் காரணம். 2005-ல் அதே டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் என்னும் கருவி அப்படிப்பட்ட ஒரு கணக்குப் புத்தகமாகும். எந்த வரியை, எந்தத் தேதியில், எந்தப் பெயருடையவர், என்ன காரணம் சொல்லி மாற்றினார் என்பது அதில் பதிவாகிவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அந்த எண், அந்தப் பதிவில் உள்ளதையும் அதற்கு முந்தின பதிவின் எண்ணையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. ஆகையால் பழைய பக்கத்தில் ஓர் எழுத்தைச் சுரண்டினாலும் அதற்குப் பின்னுள்ள எண்கள் எல்லாம் மாறிப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். அன்றியும், வேலை செய்கிற ஒவ்வொருவர் கணினியிலும் முழுப் புத்தகத்தின் நகலும் இருக்கும். நம் ஊர்த் தர்மகர்த்தாக்களின் கணக்கும் இப்படி இருந்தால் எத்தனை பேர் தர்மகர்த்தாவாக வர ஆசைப்படுவார்கள் என்பது யோசிக்கத்தக்க சங்கதி.

இந்தக் கணக்கின் அருமைக்கு ஓர் உதாரணம் சொல்லுகின்றோம். கிட் வருவதற்கு முன் லினக்ஸ்காரர்கள் வேறொரு கருவியில் கணக்கு வைத்திருந்தார்கள். 2003 நவம்பரில், அந்த மூலக் கணக்குக்கு ஒரு நகல் வைத்திருந்த இடத்தில் யாரோ புகுந்து இரண்டே வரிகளைச் சொருகிவிட்டார்கள். பார்த்தால் ஏதோ சாதாரணப் பரிசோதனை போல இருக்கும். ஆனால் அதில் இரண்டு சமக்குறி போட வேண்டிய இடத்தில் ஒரே சமக்குறி போட்டிருந்தது. இரண்டு போட்டால் "இவன் எஜமானனா?" என்று கேட்பதாகும், ஒன்று போட்டால் "இவனை எஜமானன் ஆக்கு" என்று கட்டளையிடுவதாகும். அந்த ஒரு குறி மூலத்தில் ஏறியிருக்குமானால், சூட்சுமம் தெரிந்த எவனும் லினக்ஸ் ஓடுகிற கணினிக்குள் எஜமானனாக உட்கார்ந்திருக்கலாம். அது அகப்பட்டது எப்படி? ஆயிரம் பேர் விழித்துக்கொண்டிருந்ததனால் அல்ல. நகலில் இருக்கிற வரி மூலக் கணக்கில் இல்லையே என்று ஒத்துப் பார்த்ததில் அகப்பட்டது.

இன்னொரு நன்மையையும் நாம் சாதாரணமாக நினைப்பதற்கில்லை. இந்தக் கருவிகள் எழுதுகிறவனை, நீ எந்த ஊர், என்ன ஜாதி, உன் தகப்பன் யார் என்று கேட்பதில்லை. எழுதிய வரி சரியா தப்பா என்று மாத்திரம் பார்ப்பதற்கு இடங்கொடுக்கின்றன. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். இலங்கையில் ஒருவர் எழுதத் தொடங்கிய கட்டுரையைச் சேலத்தில் ஒருவர் வளர்க்கலாம். டொராண்டோவில் ஒருவர் அதில் உள்ள தப்பான வருஷத்தைத் திருத்தலாம். திருத்தினவரே தப்பு என்றால் முன்பிருந்ததை ஒரு நொடியில் திரும்பக் கொண்டு வரலாம். ஒருவருக்கொருவர் நேரில் பார்த்தது கிடையாது. ரயில் சார்ஜ் இல்லை, மண்டப வாடகை இல்லை, தலைமை வகிக்க ஒரு மிட்டாதார் தேவையில்லை.

நிற்க. நன்மை இவ்வளவு இருக்கிறது என்பதற்காகத் தீமையை மறைப்பது நம் வழக்கமல்ல. "ஆயிரம் கண் பார்க்கிறது" என்கிற பேச்சை எடுத்துக்கொள்வோம். புராணத்தில் இந்திரனுக்கு ஆயிரம் கண் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவை எப்படி வந்தன என்கிற ஆபாசம் இங்கே வேண்டாம். அத்தனை கண் இருந்தும் அசுரர்கள் வந்தபோதெல்லாம் அவன் ஓடி ஒளிந்தான் என்றுதான் அதே புராணக்காரர்கள் சொல்லுகிறார்கள். இந்த நவீன ஆயிரங்கண்ணன் கதையும் அதற்குக் குறைந்ததல்ல.

இணையத்தில் நாம் பாங்கிக்கு அனுப்புகிற இரகசியச் சொல்லை நடுவில் எவனும் படிக்காமல் காக்கிற வேலையைச் செய்வதற்கு ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்று ஒரு பொது மென்பொருள் இருக்கிறது. இரண்டு கணினிகள் பேசிக்கொண்டிருக்கும்போது, "நீ இருக்கிறாயா? இருந்தால் நான் சொல்லுகிற இந்த நாலெழுத்துச் சொல்லைத் திருப்பிச் சொல்லு" என்று ஒன்று மற்றொன்றைக் கேட்பதுண்டு. ஒருவன் ஓர் எழுத்தைக் கொடுத்துவிட்டு, "இது அறுபத்து நாலாயிரம் எழுத்துள்ள சொல், திருப்பிச் சொல்லு" என்றால் என்ன ஆகும்? அந்த மென்பொருள் அளந்து பார்க்காமல் நம்பிற்று. நம்பி, தன் ஞாபகத்தில் பக்கத்தில் கிடந்த மற்றவர்களுடைய இரகசியங்களையெல்லாம் அள்ளிக் கொடுத்தது. இந்தத் தப்பு 2012 மார்ச்சில் வெளிவந்த பதிப்பில் ஏறி, 2014 ஏப்ரல் 7-ந் தேதிதான் உலகத்துக்குத் தெரிந்தது. ஹார்ட்பிளீட் என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். தெரிந்த சில தினங்களுக்குள் கனடா தேசத்து வரி இலாகாவிலிருந்து சுமார் 900 பேருடைய அடையாள எண்கள் திருட்டுப் போயின.

இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த மூலம் திறந்தே கிடந்தது. யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். யாரும் படிக்கவில்லை. ஏனென்றால், உலகத்துப் பாங்கிகளும் கடைகளும் கம்பெனிகளும் சார்ந்திருந்த அந்த வேலைக்கு முழு நேரமும் உழைத்தவர் ஒரே ஒருவர். வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். ஊர் முழுவதும் தண்ணீர் எடுக்கிற குளத்துக்குத் தூர் வாருகிறவன் ஒருவன், அவனுக்குக் கூலி வருஷத்துக்கு இரண்டு படி நெல் என்றால் குளம் எப்படி இருக்கும்? நாற்றம் எடுத்த பிறகுதான் பெரிய மனிதர்கள் வந்தார்கள். ஒரு டஜன் பெரிய கம்பெனிகள் ஆளுக்கு வருஷம் லட்சம் டாலர் வீதம் மூன்று வருஷத்துக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டன. அந்தத் தொகை அவர்கள் வரவு செலவில் எந்த மூலைக்கு?

இதுவாவது அறியாமல் செய்த தப்பு. வேண்டுமென்றே செய்த மோசம் ஒன்றையும் சொல்ல வேண்டும். எக்ஸ்.இசட். என்பது பெரிய கோப்புகளைச் சுருக்கிக் கட்டுகிற ஒரு சின்ன மென்பொருள். பின்லாந்தில் ஒருவர் பல வருஷங்களாகத் தனியாகவே அதைக் கவனித்து வந்தார். சம்பளம் கிடையாது. 2021 முதல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் அதற்கு உதவி செய்ய வந்தார். வேலை ஒழுங்காகவே செய்தார். 2022-ல், அதற்கு முன் எங்கும் கேள்விப்படாத பெயர்களில் சிலர் தோன்றி, "வேலை மெதுவாக நடக்கிறது, உம்மால் முடியாவிட்டால் வேறொருவரிடம் ஒப்படையும்" என்று அந்தத் தனி மனிதரை நச்சரித்தார்கள். தமக்கு மனநலம் சரியில்லை என்றும், இது கூலியில்லாமல் செய்கிற பொழுதுபோக்கு வேலை என்றும் அவர் வெளிப்படையாகவே பதில் எழுதினார். கடைசியில் பொறுப்பு ஜியா டானிடம் போய்ச் சேர்ந்தது. 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்த இரண்டு பதிப்புகளில் கள்ளக் கதவு வைக்கப்பட்டது. அதற்குரிய சாவி வைத்திருப்பவன், தூரத்தில் இருந்துகொண்டே அந்தக் கணினிக்குள் நுழைந்து எந்தக் கட்டளையையும் இடலாம்.

இதில் வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. கள்ளச் சரக்கின் ஒரு பகுதி, பரிசோதனைக்கான கோப்புகள் என்ற வேஷத்தில், மனிதன் படிக்க முடியாத உருவத்தில் கணக்குப் புத்தகத்தில் கிடந்தது. அதைத் தட்டி எழுப்புகிற வரிகளோ கணக்குப் புத்தகத்தில் இல்லவே இல்லை. ஊருக்கு விநியோகம் செய்வதற்காகக் கட்டின மூட்டையில் மாத்திரம் அவை இருந்தன. புத்தகம் திறந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் எல்லோரும் மூட்டையை வாங்கிக்கொண்டு போனார்கள். மூட்டையையும் புத்தகத்தையும் ஒத்துப் பார்த்தவர் இல்லை.

அதைக் கண்டுபிடித்த கதையும் ஆயிரங்கண் பக்தர்களுக்கு அவ்வளவு சாதகமானதல்ல. ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர், மைக்ரோசாப்டில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர், போஸ்ட்கிரஸ் என்னும் பொது மென்பொருளுக்காக வேகச் சோதனை செய்துகொண்டிருந்தபோது, ஒரு கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி அதிகமாகிறதே என்று பார்த்தார். மற்றவனாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பான். இவர் ஏன் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே உள்ளே போனதில் கள்ளக் கதவு தெரிந்தது. 2024 மார்ச் 29-ந் தேதி உலகத்துக்கு அறிவித்தார். பெரும்பாலோர் உபயோகிக்கிற நிலையான பதிப்புகளுக்கு அது ஏறுவதற்கு முன்பே, சோதனைப் பதிப்புகளில் இருக்கும்போதே பிடிபட்டது. ஒருவர் ஏன் என்று கேட்டதால் பிடிபட்டது. அவர் கேட்ட பிறகு திறந்து பார்க்க மூலம் கையில் இருந்ததால் பிடிபட்டது. இரண்டில் எது இல்லாமற் போயிருந்தாலும் அகப்பட்டிருக்காது. கிட்ஹப் என்ற பெரிய கணக்குக் கிடங்குக்காரர்கள் (மைக்ரோசாப்ட் கம்பெனி 2018-ல் 750 கோடி டாலருக்கு வாங்கின இடம் அது) பயந்துபோய் அந்தக் கணக்கையே சில தினங்கள் பூட்டிவிட்டார்கள். நல்ல வேளையாக வேறிடங்களில் நகல்கள் இருந்தபடியால் ஆராய்ந்தவர்களின் வேலை நின்றுபோகவில்லை. எல்லாக் கணக்கையும் ஒரே கடைக்காரன் பெட்டியில் வைப்பதைப் பற்றி இது ஒரு எச்சரிக்கையாகும்.

இந்த மோசம் வெளிவந்ததும் ஒரு கூச்சல் எழுந்தது. "பெயரைப் பார்த்தால் சீனாக்காரன் போல இருக்கிறதே, இனி எழுதுகிறவன் யார், எந்தத் தேசத்தான், அவன் பூர்வோத்தரம் என்ன என்று விசாரித்துத்தான் உள்ளே விடவேண்டும்" என்றார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது ஒருவனா பலரா என்பதே இன்று வரையில் வெளிப்படவில்லை. பொய்ப் பேர் வைத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்குப் பொய்க் குலம் கோத்திரம் வைத்துக்கொள்ளத் தெரியாதா? அது கிடக்கட்டும். ஹார்ட்பிளீட் தப்பைச் செய்தவர் யார்? ஜெர்மனியில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த, தன் பெயரை மறைக்காத ஒரு கண்ணியமான மாணவர். அவர் எழுதினதைப் பார்த்துச் சம்மதித்து உள்ளே விட்டவரும் அனுபவசாலியே. பூர்வோத்தரம் பரிசுத்தமாக இருந்தது. வரி தப்பாக இருந்தது. மனிதனைப் பிறப்பாலும் பேராலும் நிறுக்கிற பழைய தராசை இங்கே கொண்டுவந்து வைப்பதனால் காரியம் ஒன்றும் ஆகாது. நிறுக்க வேண்டியது வரியை. எவர் எழுதினாலும் இரண்டாவது ஆள் ஒருவர் படித்துக் கையெழுத்துப் போட்டால் ஒழிய ஏற்றக் கூடாது என்று விதி வைக்கலாம். கணக்குப் புத்தகத்தில் உள்ள மூலத்திலிருந்து எவர் மூட்டை கட்டினாலும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒரே மூட்டை வருகிறதா என்று பார்க்கிற முறை ஒன்றை டெபியன் என்ற லினக்ஸ் கூட்டத்தார் 2013 முதல் முயன்று வளர்த்து வருகிறார்கள். இவைதான் பகுத்தறிவுக்கு ஏற்ற காவல்.

இனி, "இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு, பேர் பெற்ற கம்பெனியிடம் வாங்கிவிட்டுப் போவோமே" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்து தேசத்துத் தபாலாபீசு 1999 முதல், புஜிட்சு கம்பெனி நடத்திய ஹொரைசன் என்ற பூட்டிய மென்பொருளைக் கிளை ஆபீசுகளில் கணக்குக்காக வைத்தது. அது கணக்கைத் தப்பாகக் காட்டிற்று. பணம் குறைகிறது என்று காட்டினபோதெல்லாம் கிளை ஆபீசை நடத்தினவர்களைத் திருடர்கள் என்றார்கள். மூலத்தைத் திறந்து பார்க்க அவர்களுக்கு வழியில்லை. கணினி சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுகிறது அத்தேசத்துச் சட்டம். 2015 வரையில் 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள். சிறைக்குப் போனவர்கள், வீடு வாசலை விற்றவர்கள், உயிரை விட்டவர்களும் உண்டு. கிளைக் கணக்கில் கம்பெனிக்காரர்கள் தூரத்திலிருந்தே கைவைக்க முடியாது என்று தபாலாபீசார் பல வருஷம் சாதித்தார்கள்; முடியும் என்பது பிறகு ருசுவாயிற்று. 2019-ல் ஐகோர்ட்டு தீர்ப்புச் சொல்லி, 2024-ல் தனிச் சட்டம் போட்டுத்தான் அந்தத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய வேண்டியிருந்தது. பூட்டிய பெட்டிக்குள் இருப்பதைப் படிக்காதே, பெட்டி சொன்னதை நம்பு என்கிற ஏற்பாட்டை நாம் வேறு இடங்களில் நிறையப் பார்த்திருக்கின்றோம். அது இங்கிலீஷ் பேசிக்கொண்டு வந்தாலும் அதே ஏற்பாடுதான்.

ஆகவே திறந்த வேலை என்பதை விட்டுவிட முடியாது. காவலுக்குக் கூலி கொடுப்பது ஒன்றுதான் பாக்கி. தேர் இழுக்கிறபோது வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். பிரபுக்கள் வடத்தைத் தொட்டுப் படமும் எடுத்துக்கொள்வார்கள். சக்கரத்தின் கீழே குனிந்து கட்டை போடுகிறவன்தான் உயிரைப் பணயம் வைக்கிறவன், அவனைப் படத்தில் பார்க்க முடியாது. ஜெர்மானிய சர்க்கார் 2022-ல் இதற்கென்றே ஒரு நிதி ஏற்படுத்தி, இந்த மாதிரி அடித்தள மென்பொருள்களைக் கவனிக்கிறவர்களுக்குப் பணம் கொடுத்து வருகிறது. ஐரோப்பிய யூனியன் 2024-ல் சட்டம் செய்து, இப்படிப்பட்ட பொது மென்பொருளைத் தன் சரக்கில் சேர்த்து விற்கிற வியாபாரியே அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பாளி, கூலியில்லாமல் எழுதினவன் அல்ல என்று வைத்திருக்கிறது. அதன் முக்கியமான விதிகள் 2027 டிசம்பரில் அமுலுக்கு வர வேண்டும். இலாபம் எடுக்கிறவன் தலையில் பொறுப்பை வைத்த அளவுக்கு இது நியாயமே.

நமது நாட்டுச் சங்கதிக்கு வருவோம். 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு விண்டோஸோடு பாஸ் என்னும் லினக்ஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நம் கல்லூரிகளிலும் கம்பெனிகளிலும் சர்க்கார் ஆபீசுகளிலும் இந்தப் பொது மென்பொருள்கள் அன்றாடம் ஓடுகின்றன. குளத்தில் தண்ணீர் எடுக்கிறோம். தூர் வாருகிற முறை நம் வீட்டுக்கும் உண்டு என்று நினைத்தவர்கள் எத்தனை பேர்? கணினிப் படிப்புப் படிக்கிற பிள்ளைகள் கடைசி வருஷத்தில் ஏதோ ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. நூலக அட்டவணை, ஆஜர் பட்டியல் என்று போன வருஷத்துப் பையன் எழுதினதையே பெயரை மாற்றிக் கொடுத்துத் தேறுகிறவர்கள் உண்டு என்பது ஆசிரியர்களுக்கும் தெரியாததல்ல. அதற்குப் பதிலாக, நான்கு பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பொது மென்பொருள் என்று பிரித்துக் கொடுக்கட்டும். ஒரு வருஷத்தில் அதில் ஏறின வரிகளையெல்லாம் படித்து, விநியோக மூட்டையைக் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, அதைக் கவனிக்கிற ஆள் எத்தனை பேர், அவர்களுக்குக் கூலி உண்டா என்று விசாரித்து எழுதச் சொல்லட்டும். தப்பு அகப்பட்டால் இரகசியமாக உரியவருக்குத் தெரிவித்து, திருத்தமும் எழுதி அனுப்பட்டும். இதற்குப் பணச் செலவு ஒன்றுமில்லை. வருகிற ஜூன் மாதம் கல்லூரி திறக்கும்போதே ஆரம்பிக்கலாம்.